எத்தனை நாள் லீவு

எங்கள் ஊரில் அந்த ஒரு சங்கதிக்குப் பல பெயர் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது விடுதலை. அதையே வாத்தியார் பலகையில் எழுதினால் விடுமுறை. வழக்குக்கு அலைகிறவர்களுக்குத் தவணை. வாழைத் தோட்டத்தில் கொத்துகிறவர்களுக்கு அதற்கென்று ஒரு சொல்லே இல்லை. ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் வந்து, "நேற்று நிண்டிட்டன்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுப்பார்கள். ஆனால் லீவு என்ற சொல் உத்தியோகக்காரருடைய சொத்து. அவர்களுடைய சொத்து என்றால் அவர்களுடைய பெண்சாதிமாருடைய சொத்தும்தானே.

நீர்வேலியில் எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள். அதில் நாலு வீட்டு ஆம்பிளைகள் ரயிலேறிப் போய்க் கொழும்பில் அரசாங்கக் கந்தோர்களில் உத்தியோகம் பார்த்தார்கள். அவர்களுடைய பெண்சாதிமார் நாங்கள் நாலு பேரும் கந்தோர் வாசலை மிதித்ததில்லை. ஆனால் லீவு நுணுக்கம் எங்களுக்கு அத்துப்படி. குலையைக் கண்டதும் இது கதலி, இது இதரை, இது மொந்தன் என்று சொல்லுகிற மாதிரி, வரப்போவது கசுவல் லீவா, மெடிக்கல் லீவா, சம்பளமில்லாத நோபே லீவா என்று கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவோம். வருசத்துக்கு மூன்று முறை ரயிலில் இலவசமாக வந்துபோக அரசாங்கம் வாறன்ட் கொடுக்கும். அந்த மூன்றும் எந்தெந்த மாதத்தில் முடியும் என்பதும் எங்கள் விரல் நுனியில் இருந்தது.

ஒழுங்கையில் பெட்டியோடு ஒரு ஆம்பிளை திரும்பினால் சுகமா என்று யாரும் கேட்பதில்லை. வேலிக்கு மேலால் தலைகள் எழும்பும். "எப்ப வந்தனீங்கள்? எத்தினை நாள் லீவு?" அதுதான் எங்கள் வணக்கம். அவர் சொல்லுகிற எண்ணை வைத்துத்தான் அந்த வீட்டில் வேலி அடைப்பதும், கோயிலில் பொங்குவதும், கிணறு இறைப்பதும் நாள் குறிக்கப்படும்.

குணலட்சுமியின் வீட்டு வாசலில் மட்டும் அந்தக் கேள்வி பதினொரு வருசமாகக் கேட்கப்படவில்லை.

அவளுடைய புருஷன் தம்பிராசா கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். எழுபத்திரண்டாம் ஆண்டு வருசப்பிறப்புக்கு வந்து போனவர்தான். அப்போது அவர்களுடைய ஒரே மகள் ஞானாம்பிகைக்கு எட்டு வயது. பிறகு மாதம் ஒரு கடிதம் வரும். வீட்டுச் செலவுக்கு வருவதும் தவறாமல் வந்தது. அவர்தான் வரவில்லை. கடிதத்தின் கடைசி வரி ஒரே வரி: லீவு கிடைக்கவில்லை. கேட்கிறவர்களுக்குக் குணலட்சுமி அதையே சொன்னாள். "எழுதியிருக்கிறார். லீவு கிடைக்கேல்லையாம்."

நான் அடுத்த வீடு. என் பெயர் பாலேஸ்வரி. என்னுடைய மனுசன் மார்க்கண்டுவும் கொழும்பில்தான், வேறு கந்தோர். எழுபத்தைந்தில் ஒரு தரம் வந்தபோது, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் சொன்னார்.

"இஞ்சரும், ஒருதரிட்டையும் கதைச்சுப் போடாதையும். தம்பிராசாவைக் கொட்டாஞ்சேனையிலை கண்டனான். பக்கத்திலை ஒரு பொம்பிளை. அவவின்ரை தோளிலை கைக்குழந்தை."

"வேறை ஆற்றையேன் பிள்ளையாயிருக்கும்," என்றேன்.

"என்னைக் கண்டவுடனை அவன் தெருவைக் கடந்து அங்காலை போனவன். ஆற்றையேன் பிள்ளையெண்டால் ஏன் போறான்?"

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு உத்தியோகம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வருசப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் முன்னால் குணலட்சுமிக்கு ஒரு காரணம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அது. "பிள்ளை, அங்கை இப்ப கணக்குப் பரிசோதனையாம். ஒருதருக்கும் லீவில்லையாம்." அடுத்த வருசம், "பதிலுக்கு நிக்கிற ஆள் சுகமில்லாமல் படுத்திட்டாராம்." இன்னொரு வருசம், "புதுப் பெரியவர் வந்திருக்கிறாராம், சரியான கடும்பிடியாம்." மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் தங்கள் பங்குக்குக் கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு யார் சொன்னது என்று அவர்களும் கேட்கவில்லை. குணலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டுவாள். "அதுதான் அக்கா, நானும் நினைச்சனான்."

தலையாட்டாத ஆள் ஒருத்தி இருந்தாள். தம்பிராசாவின் கூடப்பிறந்த தமக்கை கனகாம்பிகை. வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. வாய் இந்தப் பக்கம்.

"கவுண்மேந்திலை லீவே இல்லாத உத்தியோகம் யமன்ரை உத்தியோகம் ஒண்டுதான். என்ரை தம்பி அதிலை எப்ப சேர்ந்தவன்?" என்பாள். "வீட்டிலை பொம்பிளை சிரிச்ச முகத்தோடை நிண்டால் லீவு தன்ரை பாட்டிலை கிடைக்கும்."

குணலட்சுமி வாழைக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவாள். அந்த வீட்டின் முந்நூறு வாழையும் அவள் ஒருத்தியின் கையில்தான் நின்றது.

எண்பத்துமூன்றாம் ஆண்டு வைகாசியில் ஞானாம்பிகைக்கு மானிப்பாயிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெடியன் சீவரத்தினம், கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சர். அமைதியான பிள்ளை. பெட்டைக்கும் பிடித்துக்கொண்டது. ஆவணி ஐந்தாம் தேதி முகூர்த்தம் என்று நாளும் வைத்தார்கள். பெடியனுடைய தகப்பன் இளையதம்பியர் நேரே கதைக்கிற மனிதர். வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"சீதனம் அது இது எண்டு நான் ஒண்டும் நிண்டு பிடிக்கேல்லை. ஒண்டே ஒண்டு. பெட்டையின்ரை தகப்பன் இருக்கேக்கை வேறை ஆள் தாரை வாத்துத் தரக்கூடாது. தகப்பன் செத்திருந்தால் மாமன் வாக்கலாம், சித்தப்பன் வாக்கலாம். உயிரோடை இருக்கிற மனிசன் வராட்டில் சனம் ஏனெண்டு கேக்கும். நானும் கேப்பன். பெத்த பிள்ளையின்ரை கலியாணத்துக்கு ஒரு கிழமை லீவு குடாத கவுண்மேந்தும் இருக்கோ?"

"வருவார்," என்றாள் குணலட்சுமி.

அன்று பின்னேரம் நான் போனபோது அடுப்புக்கு முன்னால் இருந்தாள். அடுப்பு எரியவில்லை. "அவருக்கு எழுதிப் போட்டிட்டன் அக்கா. வராட்டில் அவையள் வேண்டாமெண்டு போவினம். ஞானாம்பிகை என்னை ஒரு சொல்லுக் கேக்கமாட்டாள். அதுதான் எனக்குப் பயமாயிருக்கு." என்னிடம் அந்த முறை கொடுப்பதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

மறுமொழிக் கடிதம் வரவில்லை. ஆடி வந்தது.

அந்த ஆடியில் கொழும்பில் நடந்ததை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. தமிழருடைய வீடுகள் எரிந்தன. ரயில் நின்றது. போன ஆம்பிளைகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. மார்க்கண்டு வந்து சேர்ந்தபோது அவருடைய உடம்பில் யாரோ கொடுத்த சாரமும் ஒரு பெனியனும்தான் இருந்தன. பெட்டி இல்லை. ஒழுங்கையில் வேலிக்கு மேலால் தலைகள் எழும்பின. ஒருவரும் எத்தனை நாள் லீவு என்று கேட்கவில்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நான் அவருக்குக் கிணற்றடியில் தண்ணீர் அள்ளி வார்த்தேன்.

மற்ற இரண்டு வீட்டுக்காரரும் வந்துவிட்டார்கள். கந்தோர்களெல்லாம் பூட்டிக் கிடந்தன. இனி லீவு கிடைக்கவில்லை என்று உலகத்தில் ஒருவரும் சொல்லமுடியாது. ஒருவருமே கேட்காமல் எல்லாருக்கும் லீவு விழுந்துவிட்டது. தம்பிராசா மட்டும் வரவில்லை.

இரண்டாம் நாள் மார்க்கண்டு மெல்லச் சொன்னார். "அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை. எங்கடை கப்பலிலைதான் வந்தவன். தனிய வரேல்லை. போக்கிடம் இல்லாத ஆக்களை மானிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலை விட்டிருக்கினம். அங்கை இருப்பான்."

நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வாசலுக்கு வர, குணலட்சுமி சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். "அக்கா, பள்ளிக்கூடங்களிலை ஆக்கள் இருக்கினமாம். ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்."

அவள் கேள்விப்பட்டு முதல் போன பள்ளிக்கூடத்தில் அவர் இல்லை. பிறகு நான் சொல்லி, பஸ் ஏறி மானிப்பாய்க்குப் போனோம். பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளை அடுக்கி மறைப்புக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் அழுகிற சத்தம், அவிந்த பருப்பு மணம். வாசலில் பெயர் பதிகிற கொப்பியோடு இருந்த ஒரு பெரியவரிடம் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"தம்பிராசா, கிளாக்கர். மனைவி யசிந்தா. மகள் ஒண்டு, வயசு எட்டு. மூண்டாம் மண்டபம். கூப்பிடட்டோ?"

குணலட்சுமி மண்டபப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு தூணடியில், பெரிய ஆளின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு சிறு பெட்டை நின்றது. சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. எண்ணெய் காணாத தலை. நெற்றி தம்பிராசாவின் நெற்றி. அதற்குக் கொப்பி பார்க்கத் தேவையில்லை.

"வேண்டாம் ஐயா," என்றாள் குணலட்சுமி. "நாங்கள் தேடுறவர் வேறை ஆள். ஆனால் இந்தத் தம்பிராசாவைக் கண்டால் சொல்லுங்கோ, நீர்வேலியிலை ஆவணி அஞ்சாம் தேதி அவருக்குத் தெரிஞ்ச வீட்டிலை ஒரு கலியாணமாம் எண்டு."

திரும்பி வரும்போது பஸ் உரும்பிராய் தாண்டியதும்தான் குணலட்சுமி வாய் திறந்தாள்.

"நீங்கள் ஏன் அக்கா அழுகிறியள்?"

"எனக்கு முதலே தெரியும் குணம். எட்டு வருசமாத் தெரியும். உமக்குச் சொல்லாமல்..."

"நீங்கள் சொல்ல வேணுமே? வாறன்ட் வருசத்துக்கு மூண்டு. பதினொரு வருசத்திலை முப்பத்துமூண்டு. அவ்வளவையும் ஒரு மனிசன் எடுக்காமல் விட்டால் எனக்கு விளங்காதே?" சிரித்தாள். "ஒவ்வொரு வருசமும் நீங்கள் என்ன காரணத்தோடை வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருப்பன் அக்கா. கணக்குப் பரிசோதனை நல்லாயிருந்தது. புதுப் பெரியவரை மட்டும் நான் நம்பேல்லை."

அழுத கண்ணோடு எனக்கும் சிரிப்பு வந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலமை, ஆடி இருபத்தாறு, தம்பிராசா வந்தார். தனியாக. நரைத்த தாடி, அரைக்கைச் சட்டை, காலில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு செருப்பு. கையில் பெட்டி இல்லை. ஒழுங்கை முடக்கில் திரும்பியவர் தன் வீட்டுப் படலையைத் தொடாமல் அதற்கு வெளியே நின்றார். வேலிகளுக்கு மேலால் தலைகள் எழும்பின. நான் மா இடிப்பதற்குக் குணலட்சுமி வீட்டு முற்றத்தில்தான் நின்றேன், உலக்கை கையில். ஞானாம்பிகை வாசற்படியில் நின்று பார்த்தாள். வந்திருப்பது யார் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

கனகாம்பிகைதான் வேலிக்கு மேலால் எட்டினாள். பதினொரு வருசம் பேசின வாய். தம்பியைக் கண்டதும் அந்த வாய்க்கு வேறு ஒன்றும் வரவில்லை. பழக்கத்தில் அந்தக் கேள்விதான் வந்தது.

"எப்ப வந்தனீ தம்பி? எத்தினை நாள் லீவு?"

தம்பிராசா வாயைத் திறந்தார். மூடினார். இன்னும் ஒரு கணம் போனால் அந்த மனிதர் எல்லாருக்கும் முன்னால் அழுதிருப்பார். அழுதால் எல்லாம் வெளியே வரும். ஒழுங்கையில் வந்தது வெயிலேறமுன் மானிப்பாய்ச் சம்பந்தி வீட்டுக்குப் போகும்.

குணலட்சுமி கைவிரலை மடித்து எதையோ எண்ணினாள். பிறகு முற்றத்திலிருந்தே, வாழைக்குத் தண்ணீர் திறக்கச் சொல்லுகிற குரலில் சொன்னாள்:

"பதினாலு நாள் மச்சாள். மகளின்ரை கலியாணத்துக்கெண்டு லீவு போட்டுட்டு வந்திருக்கிறார். நாலாஞ்சடங்கு முடியத் திரும்பவேணும்."

பிறகு படலையைத் திறந்தாள். "உள்ளுக்கு வாங்கோ. கால் கழுவத் தண்ணி வைச்சிருக்கு."

தலைகள் ஒவ்வொன்றாக வேலிக்குக் கீழே இறங்கின. ஒருவரும், பூட்டிக் கிடக்கிற கந்தோரில் யார் லீவு கொடுத்தது என்று கேட்கவில்லை. அதற்காக எங்கள் ஒழுங்கையை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அவருக்கு முன்விறாந்தையில் பாய் போட்டாள். தேத்தண்ணி கொடுத்தாள். நான் உரலடியில் இருந்ததால் அவர்கள் பேசியது காதில் விழுந்தது. எழும்பிப் போகத்தான் நினைத்தேன், இருந்துவிட்டேன்.

"குணம், நான் உமக்கு எப்படிச் சொல்லுறது..."

"சொல்ல வேண்டாம். கலியாணத்துக்கு நிண்டு தாரை வாத்துக் குடுங்கோ. அது காணும்."

"பிறகு?"

"லீவு முடிஞ்சால் எல்லாரும் போறதுதானே."

"எனக்குப் போக ஒரு இடமும் இல்லை. வீடு எரிஞ்சு போச்சு."

"இடம் இருக்கு. மூண்டாம் மண்டபத்திலை, தூணடியிலை. நேற்றுக் கண்டனான்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பிள்ளைக்குப் பெயர் என்ன?" என்றாள் குணலட்சுமி.

"மேரி... மேரி புஸ்பம்."

"தலைக்கு எண்ணெய் இல்லை. போகேக்கை ஒரு போத்தல் கொண்டு போங்கோ."

அந்தப் பதினாலு நாளும் அவர் காலையில் சைக்கிளில் வெளிக்கிட்டுப் பின்னேரம் திரும்புவார். கேட்கிறவர்களுக்கு, யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் கையெழுத்து வைக்கவேண்டியிருக்கிறது என்று குணலட்சுமி சொல்லுவாள். சாப்பாட்டுப் பார்சல் கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கச்சேரிக்குப் போகிற ஒரு மனிதருக்கு மூன்று வாழையிலையில் புட்டு. நடு இலையில் மட்டும் உறைப்பில்லாத கறி.

கலியாணம் நடந்தது. தகப்பனும் தாயும் பக்கத்தில் நிற்க, மகளின் கையைப் பிடித்துத் தகப்பன் தாரை வார்த்தார். வார்க்கும்போது செம்பு சரிந்துவிட்டது. தண்ணீரில் பாதி இளையதம்பியருடைய சால்வையில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. பந்தியில் இருந்து எழும்பும்போது தம்பிராசாவிடம் கேட்டார்.

"இனிக் கொழும்புப் பக்கம் ஏன் போறியள்? இஞ்சை மாற்றம் எடுத்துக்கொண்டு இருக்கலாமே, சம்பந்தி?"

"இல்லைச் சம்பந்தி," என்று குணலட்சுமி குசினி வாசலில் இருந்து சொன்னாள். "அவருக்கு லீவு வாற வியாழன் மட்டும்தான்."

இளையதம்பியர் அவளைப் பார்த்தார். அவர் மானிப்பாய்க்காரர். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஊர்ச் சனம் சேர்த்த அரிசியை வண்டியில் கொண்டுபோய் இறக்கினதே அவர்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. மூன்றாம் மண்டபத்தில் யார் யார் என்று அவர் கலியாணத்துக்கு முதலே அறிந்திருப்பார். அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்:

"ஓம் பிள்ளை. கிடைச்ச லீவுக்கு வந்து நிண்டிட்டார். நான் கேட்டதும் அதுதானே."

நாலாஞ்சடங்கு முடிந்த வியாழன் காலமை. லீவு முடிந்து போகிறவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு பொதி கட்டுவோம். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பனம்பழத்தைப் பிழிந்து காயவைத்த பனாட்டு, முருங்கைக்காய், பழுக்கிற பருவத்தில் ஒரு வாழைக்குலை. தனியாக இருந்து சமைத்துச் சாப்பிடுகிற ஆம்பிளைக்கு அளவான பொதி. குணலட்சுமி கட்டின பொதி ஒரு குடும்பத்துக்கு அளவாக இருந்தது. அதன் மேல் ஒரு போத்தல் நல்லெண்ணெய். ஞானாம்பிகை தன்னுடைய பழைய பாவாடை ஒன்றை வெட்டித் தைத்த ஒரு சிறு சட்டையைக் கொண்டுவந்து மேலே வைத்தாள். தாய் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்த வீட்டில் ஒருவரும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

தம்பிராசா படலையில் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கனகாம்பிகை வந்தாள். கையில் ஒரு கதலிக்குலை. தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிள் கரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினாள்.

"இதரையிலும் பாக்கக் கதலிதான் சின்னப் பிள்ளையளுக்கு நல்லது," என்றாள். பிறகு குணலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "என்ன பாக்கிறீர் மச்சாள்? எனக்கும் கண் இருக்கு. யமன்ரை உத்தியோகமெண்டு கத்தினது அவனுக்குக் கேக்கட்டுமெண்டுதான். உமக்குத்தான் கேட்டுக்கொண்டிருந்தது." சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நான் இனி எப்ப வாறது?" என்று கேட்டார் தம்பிராசா.

குணலட்சுமி பொதிக் கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். "ஞானாம்பிகைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்குச் சொல்லி அனுப்புறன். ஒரு நாள் லீவு போட்டுட்டு வாங்கோ. புஸ்பத்திட்டையும் தாயிட்டையும் கேட்டுட்டு வாங்கோ." படலையைப் பிடித்துக்கொண்டாள். "கடிதம் எழுத வேண்டாம். கடைசி வரியை வாசிச்சு வாசிச்சு எனக்குக் களைச்சுப் போச்சு."

சைக்கிள் முடக்கில் திரும்பும்வரை நின்றாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைக்குள் போனாள்.

அடுத்த சித்திரை வந்தது. வருசப்பிறப்புக்கு முதல் நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை ஒரு வேலை பழகிவிட்டால் விடாது, வாயும் அப்படித்தான். பலகாரச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் போனேன். போகிற வழியிலேயே ஒரு காரணம் வாயில் உருண்டு திரண்டுவிட்டது.

"குணம்," என்றேன், "இந்த வருசம் அங்கை..."

அவள் அடுப்படியில் இருந்து திரும்பினாள். மா பட்ட கையால் என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அக்கா. இனி ஒண்டும் கொண்டுவர வேண்டாம். அவர் வரமாட்டார்." பன்னிரண்டு வருசத்தில் அந்தக் கடைசி வசனத்தை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்ன பிறகு அவளுடைய முகம், பாரம் இறக்கின வண்டில் மாட்டின் கழுத்தைப் போல, கொஞ்சம் காயத்தோடு லேசாக இருந்தது.

"பலகையை இழுத்துப் போட்டு இருங்கோ," என்றாள். "எட்டு வருசம் எனக்காக ஓடித் திரிஞ்சியள். நாளைக்கு வருசப்பிறப்பு. உங்களுக்கும் லீவு."

நான் இருந்தேன். அவள் சட்டியிலிருந்து எடுத்துச் சுடச்சுட ஒரு பணியாரத்தை என் கையில் வைத்தாள்.